பால் நிறச் சீரத்தைக் கொட்டாதீர்கள்

பரம்பரைக் கைலோமைக்ரான் மிகை நோய்க்கான ஒலெசார்சனுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 நவம்பரில் பிளோசசிரனும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே ஏபோசி3 என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறிவைக்கும் ஊசிகள். ஒன்று மாதம் ஒருமுறை, மற்றது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த நோய் உள்ளவர்களுக்கு ஃபைப்ரேட் பெரிதாக உதவுவதில்லை. நாளுக்கு 20 கிராமுக்குள் கொழுப்பு என்ற பத்தியமே அவர்களின் ஒரே துணையாக இருந்தது. ஊசி வந்தாலும் பத்தியம் தொடரும். ஆனாலும் இந்த ஊசிகளை நம் இதழ் மனமார வரவேற்கிறது.

மருந்து யாருக்கு என்பது மருத்துவருக்குத் தெரியுமுன் நம் சென்ட்ரிஃபியூஜில் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் என்ன செய்கிறோம்? 'லிப்பீமிக், வெறும் வயிற்றில் மறு சாம்பிள் அனுப்பவும்' என்று எழுதி ரிஜெக்ட் செய்கிறோம். மறு சாம்பிளும் வெள்ளையாக வந்தால் அதையும் கொட்டுகிறோம். நவி மும்பையின் சான்பாடாவில் மட்டுமல்ல, மும்பையின் செம்பூரிலும் இதே பழக்கம்தான். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்த பிறகும் சீரம் பாலாக இருக்கிறதென்றால் அதுவே நோயின் முதல் தடயம். 4 டிகிரியில் ஓரிரவு வையுங்கள். மேலே ஏடு படிந்து அடி தெளிந்தால் கைலோமைக்ரான். காசு செலவில்லை. அனலைசர் ட்ரைகிளிசரைடை '1000-க்கு மேல்' என்று காட்டினால் நீர்த்து மறுபடி ஓட்டி உண்மையான எண்ணைக் கொடுங்கள். அந்தச் சீரத்தில் அமைலேஸ் பொய்யாக நார்மல் காட்டலாம். கணைய அழற்சியோடு துடிப்பவர் 'நார்மல்' அறிக்கையோடு வீடு திரும்புவது இப்படித்தான்.

தர ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். அவர்கள் கேட்பதெல்லாம் நிராகரிப்பு விகிதம். எத்தனை குழாய் ரிஜெக்ட் ஆனது என்பதற்குப் பதிவேடு உண்டு; குழாய்க்கு உரியவர் என்ன ஆனார் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை பரேல் கே.இ.எம். போன்ற சிறப்பு மையங்களைக் காட்டுகிறது. பி.கே.யு. குழந்தைகளுக்கான சிறப்பு உணவை அது கருத்தில் கொள்கிறது, எம்.சி.டி. எண்ணெயை நம்பியிருக்கும் கைலோமைக்ரான் மிகை நோயாளிகளுக்கும் அதே நியாயம் வேண்டும். ஆனால் ஆய்வகத்திலேயே தொலைந்துபோன நோயாளி பரேலுக்கு எப்படிப் போய்ச் சேருவார்?

கைலோமைக்ரான் மிகை ஒடுங்கு மரபில் வரும் நோய். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது தாராவி, மாட்டுங்காத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 'பெற்றோர் உறவா?' என்று படிவத்தில் ஒரு வரி கேட்டோம், பதில் இல்லை. வரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரத்தம் எடுக்கும்போதே நீங்கள் தமிழில் கேட்டு, பதிலை அறிக்கையின் அடியில் எழுதி அனுப்புங்கள்.