பொம்மை ஸ்டேஷனுக்கு நிஜ ஓடு

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. பிளாஸ்டிக் கூரை ரசிகர்கள் மன்னிக்கணும்.

பழையசீவரத்துல எங்க வீட்டுக் கொல்லையில சின்னதா ஒரு ரயில் ஓடுது. 45 மி.மீ. பாதை, 1:22.5 அளவு. 1968-ல ஜெர்மன்காரன் எல்.ஜி.பி.ன்னு கொண்டு வந்த சமாச்சாரம். இதுல ஒரு விசேஷம் இருக்கு. ஒரு மீட்டரை 22.5-ஆல வகுத்துப் பாருங்க, 44 மி.மீ. சொச்சம் வரும். அதாவது இது மீட்டர் கேஜுக்குன்னே பிறந்த அளவு. எங்க ஊர் வழியா போற செங்கல்பட்டு - அரக்கோணம் லைனும் ஒரு காலத்துல மீட்டர் கேஜ்தான். இவ்ளோ கச்சிதமா அமைஞ்சும் நம்ம ஆளுங்க பக்கத்துல எதைக் கொண்டாந்து வைக்கறாங்க? தேவதாரு மரச்சில்லு வேய்ஞ்ச சுவிஸ் மலை வீடு! பாலாத்தங்கரையில பனி கொட்டுதா என்ன?

நானும் அந்தத் தப்பைப் பண்ணவன்தான். ஒட்டுப்பலகை மேல ஐஸ் குச்சியை நறுக்கி, வெள்ளைப் பசை போட்டு, வரிசை வரிசையா ஒட்டினேன். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. 2020 நவம்பர்ல நிவர் புயல் மழை. மறுநாள் பலகை அப்பளமா உப்பியிருந்தது, குச்சியெல்லாம் தண்டவாளத்துல மிதந்துச்சு. மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கிச்சு.

அடுத்து, பெங்களூர் நண்பர் பேச்சைக் கேட்டு அச்சுல வார்த்த பிளாஸ்டிக் தகடு. "வெயில், மழை எதுவும் தாங்கும்"னு அடிச்சு சொன்னார். குளிர் நாட்டுல தாங்கலாம். நம்ம சித்திரை வெயில்ல? அரை மீட்டர் பி.வி.சி. தகடு, விடியக்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டருக்கு மேல நீளும். நாலு பக்கமும் ஒட்டி வெச்சா அது எங்க போகும்? நடுவுல புடைச்சு எழுந்துக்கும். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நொறுங்கவும் ஆரம்பிச்சுடும். ரெண்டே கோடை, கதை முடிஞ்சது.

ஓட்டுக்கூரை ஏன் நிக்குது? அது ஒரே தகடு இல்லைங்கறதாலதான். ஒவ்வொரு ஓடும் தனித்தனி. தனியா சூடாகும், தனியா நகரும், உடைஞ்சா அதை மட்டும் மாத்தலாம். ஓடு மாதிரி கோடு போட்ட ஒரே தகட்டை ஒட்டிட்டு "ஓட்டுக்கூரை"ன்னு சொல்றது, கோலம் அச்சடிச்ச ஸ்டிக்கரை வாசல்ல ஒட்டற மாதிரி.

வழி இதுதான். மங்களூர் ஓடு சுமார் 41 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம். நம்ம அளவுல 18 மி.மீ., 10 மி.மீ. களிமண் காய்ஞ்சு வெந்து சுருங்கும், அதனால கொஞ்சம் பெருசா, 20-க்கு 11-ஆ வெட்டணும். கனம் 2 மி.மீ. நிழல்லயே காய வைங்க, வெயில்ல வெச்சா வளைஞ்சுடும். அகல் விளக்கு செய்யற ஒரு பெரியவர் தன் சூளையில என் ஓட்டையும் சேர்த்து வேக வெச்சுக் கொடுத்தார். 40 செ.மீ. நீளக் கூரை, ரெண்டு சரிவுக்கும் 1200 ஓடு. உடையறதுக்கு 200 கூடுதலா வெச்சுக்கங்க.

இங்க ஒரு சூட்சுமம். வீட்டைச் சின்னதாக்கலாம், மழைத்துளியைச் சின்னதாக்க முடியாது. 3 மி.மீ. துளி நம்ம பொம்மை வீட்டுக்கு சாத்துக்குடி சைஸ்! தவிர, சின்ன ஓட்டு இடுக்குல தண்ணி திரியில எண்ணெய் ஏற மாதிரி மேல ஏறும். அதனால ஓட்டை மட்டும் நம்பாதீங்க. அடியில மடிச்ச அலுமினியத் தகடு ஒண்ணு, தண்ணியை நிறுத்த. அதுமேல ஓடு, வெயிலை வாங்க. (பழைய ஆஸ்பெஸ்டாஸை மட்டும் வெட்டாதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.) சரிவு 30 டிகிரிக்குக் குறையக்கூடாது. இறவாணத்துலேர்ந்து முகட்டுக்கு ஏறணும். ஒவ்வொரு ஓட்டுக்கும் மேல் விளிம்புல ஒரே ஒரு பொட்டு சிலிக்கான், கீழ் விளிம்பு சும்மா கிடக்கட்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில ஒரு ஓடு நகரலை. ஒருநாள் குரங்கு வந்து ஜம்முனு முகட்டுல உக்காந்துச்சு, நாலு ஓடு காலி. மாத்த பத்து நிமிஷம். பிளாஸ்டிக்கா இருந்தா கூரையே போயிருக்கும்.

"மங்களூர் ஓடே வெளிநாட்டான் சரக்குதானே?"ன்னு ஒருத்தர் மடக்கினார். உண்மைதான், 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஆரம்பிச்சது. ஆனா அவங்க ஜெர்மனிலேர்ந்து ஓட்டைக் கப்பல்ல ஏத்தலை. இங்க இருந்த களிமண்ணை எடுத்து, இங்க பெய்யற மழைக்குச் செஞ்சாங்க. நானும் அதைத்தான் சொல்றேன்.

இதெல்லாம் பொம்மைக்கு எதுக்குன்னு மச்சான் கேக்கறார். எங்க தாத்தா வீட்டு ஓட்டைப் பிரிச்சு லாரியில ஏத்தினப்ப நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். ஒரு ஓட்டைக்கூட எடுத்து வெச்சுக்கத் தோணலை. போன பொங்கலுக்கு, வரதர் பாரிவேட்டைக்கு நம்ம மலைக்கு வந்த அன்னிக்கு சொந்தமெல்லாம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ரயிலை யாரும் பார்க்கலை. அம்மா மட்டும் குனிஞ்சு கூரையைத் தொட்டுப் பார்த்து, "நம்ம வீட்டு முகடு மாதிரியே இருக்குடா"ன்னாங்க.

பிளாஸ்டிக்கை யாராவது அப்படித் தொட்டுப் பார்ப்பாங்களா?

டிஸ்கி: சுவிஸ் வீட்டு மேல எனக்குக் கோவமில்லை. அது சுவிஸ்ல இருக்கட்டும் :-)