நாம்பன் கன்றுக்கு மரபணு விலை: கண்டாவளைப் பண்ணையாளரின் நிலைப்பாடு

மரபணுச் சோதனையை வைத்து இறைச்சிக்கு வளர்க்கும் கன்றுகளை விலைப்படுத்துவதைக் கண்டாவளைக் கால்நடை வளர்ப்போர் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஆனால் இன்றைய நிலையில் அதை ஏற்கவும் முடியாது. நிர்வாகக் குழுவில் இரு தரப்பும் நெடுநேரம் வாதிட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

இப்போதைய விற்பனை எப்படி நடக்கிறது என்று உறுப்பினருக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டியடிக்கு வரும் வியாபாரி நாம்பனின் திமிலை அமுக்குவார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், ஒரு தொகையைச் சொல்வார். தராசு கிடையாது. இந்தக் கண்மதிப்பு ஒழிய வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அமெரிக்காவில் அங்கஸ் மாட்டினச் சங்கம், கன்றுக் கூட்டத்தின் மரபுத் தகுதிக்குப் புள்ளியிட்டு அட்டை வழங்குகிறது. வாங்குபவர் அதைப் பார்த்து விலை கேட்கிறார். பல தலைமுறை எடைப் பதிவுகள் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஓர் இனத்தின் பதிவுகளில் உருவான கணிப்பு வேறோர் இனத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதனால்தான் இந்தியா 2024 அக்டோபரில் தன் மாடுகளுக்குக் கௌ சிப், எருமைகளுக்கு மகிஷ் சிப் எனத் தனி மரபணுச் சோதனைச் சில்லுகளை வெளியிட்டது. பிறந்த எடையைக் கொப்பியில்கூடக் குறிக்காத வன்னிப் பட்டிகளில் வெளிநாட்டு அளவுகோலை வைத்தால் நாட்டு மாடு எல்லாமே 'தரம் குறைந்தது' என்று வரும். வியாபாரியின் வாய்ப்பேச்சு சான்றிதழாக மாறும், அவ்வளவே.

மேய்ச்சல் தரையை விட்டுவிட்டு மரபணுவைப் பேசுவதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை வயல்களில் காலபோகம் விதைத்ததும் மாடுகள் வெளியேற வேண்டும். எங்கே போவது? காட்டோரம் போனால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல், வயலோரம் வந்தால் பயிர் அழிவு வழக்கு. மாரியில் அரைவயிற்றோடு நின்ற மாடுகள்தான் 2022 டிசம்பரில் மண்டௌஸ் புயலோடு வந்த குளிரில் விறைத்து விழுந்தன. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. மெலிந்த உடலும் ஒதுங்க இடமில்லாத வெளியும் குளிரோடு சேர்ந்து கொன்ற மாடுகளுக்கு இனக்குறை என்று பெயர் வைக்க எவருக்கும் உரிமையில்லை. மேய்ச்சல் தரை கேட்டு எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த பதில்கள் கோப்பில் கிடக்கின்றன. ஓர் ஏக்கர்கூட அளந்து தரப்படவில்லை.

உயர்ந்த இனம் மட்டும் போதாது என்பதை நாடு ஏற்கெனவே பணம் கொடுத்துக் கண்டிருக்கிறது. 20,000 பசுக்களை இறக்குமதி செய்யும் திட்டத்தில் 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 வந்தன. பல நோயுற்றன, பல இறந்தன. சொன்ன பால் வரவில்லை, வாங்கிய பண்ணையாளர் கடனில் விழுந்தனர்.

மரபணுச் சோதனையால் பயனே இல்லை என்று சங்கம் சொல்லவில்லை. காட்டில் மேயும் பட்டியில் எந்தக் காளையின் கன்று என்பதைச் சோதனை காட்டும். களவுபோன மாட்டின் குறியை மாற்றிச் சுடலாம், மரபணுவை மாற்ற முடியாது. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டுப் பதிவையும் வைத்திருப்பதே உடைமையை நிறுவத்தான். அதற்குத் துணையாக இச்சோதனை வருமானால் சங்கம் பொருத்தமான வேளையில் ஆதரிக்கும்.

சோதனைச் செலவை விற்பவர் தலையில் கட்டக் கூடாது.

சோதனை முடிவு மாட்டுக்காரருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வியாபாரிக்கோ கம்பனிக்கோ போகக் கூடாது. முதலில் ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையத்தருகிலும் ஒரு மாட்டுத் தராசு வைக்கப்பட வேண்டும். காலபோகத்துக்கு முன் மேய்ச்சல் தரை அளந்து எல்லையிடப்பட வேண்டும். இவை நடக்கும்வரை விலை நிர்ணயத்துக்காகக் காதுத் தசையோ வால்மயிரோ எடுக்க வருபவர்களுக்கு உறுப்பினர் பட்டிகளைத் திறக்க வேண்டாம் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.