இரவு மூன்று மணிக்கும் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும்

ரொறன்ரோப் பல்கலைக்கழக மயக்க மருத்துவத் துறைக்கும், அதனோடு இணைந்த போதனா வைத்தியசாலைகளுக்கும், ஒன்ராறியோ சுகாதார அமைச்சுக்கும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

நாங்கள் ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் வாழும் தமிழர்கள். எங்களில் தாதியர் இருக்கிறார்கள், சுவாச சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், மயக்க மருத்துவம் பயிலும் இளம் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பறையில் விடியும்வரை விழித்திருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வென்டிலேட்டரில் கிடக்கும் ஒருவரின் கட்டிலுக்கு நள்ளிரவுக்குப் பின் முதலில் ஓடிவரும் வைத்தியர் பெரும்பாலும் ஒரு பயிற்சி வைத்தியர்தான். அவருக்கு யார் கற்பிக்கிறார், என்ன கற்பிக்கிறார், எந்த நேரத்தில் கற்பிக்கிறார் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

அதிதீவிர சிகிச்சை, மயக்க மருத்துவரின் கையில் பிறந்த துறை. 1952 ஓகஸ்டில் கோப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் உலுக்கியபோது, பிளெக்டாம் வைத்தியசாலைக்கு பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவரை அழைத்தார்கள். சத்திர சிகிச்சைக் கூடத்தில் அன்றாடம் செய்ததையே அவர் மூச்சுத் திணறிய 12 வயதுச் சிறுமிக்குச் செய்தார். கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அதன்பின் மாதக்கணக்கில் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துப் பை அழுத்தினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் இப்சன் அதற்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். இலங்கையில் இன்றும் இந்தப் பிரிவுகளைப் பெரும்பாலும் மயக்க மருத்துவர்களே நடத்துகிறார்கள்.

கனடாவில் நிலைமை வேறு. இங்கே அதிதீவிர சிகிச்சை நிபுணர்களில் பெரும்பகுதியினர் உள்மருத்துவம் படித்து வந்தவர்கள். மயக்க மருத்துவத்துக்கான ஐந்தாண்டுப் பயிற்சியில் இந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படுவது சில மாதங்களே. அந்த மாதங்களில் வரும் பயிற்சி வைத்தியரின் கைவண்ணத்தை எல்லோரும் அறிவார்கள். ஆகவே மூச்சுக்குழாயில் ரியூப் போட, கழுத்து நாளத்தில் லைன் ஏற்ற, அவரையே கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும் அடுத்த கட்டிலுக்கு அனுப்புகிறார்கள். அந்த நோயாளி மூன்றாம் நாள் எப்படி இருந்தார், பத்தாம் நாள் ஏன் மோசமானார் என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. இதைப் பயிற்சி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

2021 ஏப்ரலில் ஒன்ராறியோ முழுவதும் அவசரமற்ற சத்திர சிகிச்சைகளை நிறுத்தினார்கள். 800-க்கும் மேற்பட்ட கொவிட் நோயாளிகள் அதிதீவிர சிகிச்சையில் கிடந்தார்கள். சத்திர சிகிச்சைக் கூடங்களின் மயக்க மருத்துவர்கள் அந்தக் கட்டில்களுக்குப் போனார்கள். அடுத்த முறையும் அவர்களைத்தான் அழைப்பீர்கள். அப்படியானால் அதிதீவிர சிகிச்சைப் பயிற்சி, அத்துறையில் நிபுணராக விரும்பும் ஒரு சிலருக்கு மட்டும் போதாது. மயக்க மருத்துவம் பயிலும் ஒவ்வொருவருக்கும் முழுமையாக வேண்டும்.

எங்கள் முதற் கோரிக்கை இதுதான்: கடும் நோயாளிக்கு ரியூப் போடும்போது, எந்த மணியானாலும், அனுபவமுள்ள நிபுணர் ஒருவர் கட்டிலருகே நிற்க வேண்டும். தொலைபேசியில் கிடைத்தால் போதும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. சத்திர சிகிச்சைக்கு வருபவர் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு, முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டு வருகிறார். ஒட்சிசனை நன்றாக நிரப்பிவிட்டால் சில நிமிட அவகாசம் இருக்கும். நியூமோனியாவில் நுரையீரல் நிறைந்து கிடப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. மருந்து ஏறிய நொடிகளில் ஒட்சிசன் அளவு சரிகிறது. கூடத்தில் வழக்கமாகக் கொடுக்கும் அதே அளவு புரொபோபோல் மயக்க மருந்து இங்கே இரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்துவிடும். 29 நாடுகளில் ஏறத்தாழ 3,000 கடும் நோயாளிகளைக் கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ரியூப் போடும் வேளையில் 45 சதவீதமானோருக்குப் பாரதூரமான சிக்கல் ஒன்றாவது நேர்ந்தது. 3 சதவீதமானோருக்கு இதயமே நின்றது. இரத்த அழுத்தத்தைத் தாங்கும் நொராட்ரினலினை முன்பே ஏற்றி வைப்பது, முதல் முயற்சி தவறினால் அடுத்தது என்ன என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுத் தொடங்குவது, இவையெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டினால்தான் கைக்கு வரும்.

ரியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய, வெளிமூச்சின் காபனீரொட்சைட்டைக் காட்டும் கருவி ஒவ்வொரு கட்டிலிலும் இருக்க வேண்டும், அதன் அலைக்கோட்டை வாசிக்க ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். பிரித்தானியாவின் 2011ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சுவாசப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களிலும் மூளைப் பாதிப்புகளிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கருவியின்மையும் ஒரு காரணம் என்று கண்டது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வென்டிலேட்டரைக் கற்பிக்கும்போது எங்கள் அப்பம்மாவை நினைத்துக் கற்பியுங்கள். அவர் 150 சென்ரிமீற்றர் உயரம். எடை எவ்வளவானாலும் நுரையீரலின் அளவு உயரத்தோடுதான் போகும். கணக்குப்படி அவருக்குரிய எடை 43 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்றால் ஒரு மூச்சுக்கு சுமார் 260 மில்லிலீற்றர். பழக்கதோஷத்தில் 450 என்று வைத்துவிட்டுப் போனால் இயந்திரமே நுரையீரலைப் புண்ணாக்கும். இந்தக் குறைந்த அளவு உயிர் காக்கிறது என்பது 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வில் தெளிவானது. இயந்திரம் செய்யும் இந்தக் காயத்தைப் பற்றிய அறிவில் ரொறன்ரோ ஆய்வாளர்களின் பங்கு பெரியது. அந்த அறிவு இதே நகரின் இரவுநேரக் கட்டிலுக்கு வந்து சேர வேண்டும்.

அடுத்தது குடும்பத்தோடு பேசுவது. எங்கள் நெஞ்சில் ஆறாமல் கிடப்பது இதுதான். சனிபுறூக் வைத்தியசாலையில் தொடங்கிய, ராசூலி என்ற நோயாளி பற்றிய வழக்கில், உயிர்காப்புக் கருவியை அகற்றவும் நோயாளியின் சார்பில் முடிவெடுப்பவரின் சம்மதம் வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2013 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. சம்மதம் மறுக்கப்பட்டால் வைத்தியர்கள் அதற்குரிய சபையிடம் போகலாம். ஆனால் யாருடைய சம்மதம்? எங்கள் வீடுகளில் மூத்த மகன் முன்னால் வந்து பேசுவார். ஆங்கிலம் தெரிந்தவரும் அவர்தான். அப்பா வேறு யாரையும் எழுத்தில் நியமிக்காமல் விட்டிருந்தால், ஒன்ராறியோச் சட்டம் பிள்ளைகளுக்கு முன் அம்மாவைக் கேட்கிறது. அவர் ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருப்பார். யாரும் அவரிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்தால் "அப்பா பிழைக்க மாட்டார்" என்ற வசனத்தை எந்தப் பிள்ளை அம்மாவிடம் முழுதாகச் சொல்லும்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இரவிலும் கிடைக்க வேண்டும். அவரை வைத்துப் பேசுவது எப்படி என்று பயிற்சி வைத்தியருக்குக் கற்பிக்க வேண்டும். அந்தப் பேச்சை நிபுணர் ஒருவர் உடனிருந்து கேட்டு, பிறகு தனியே கூட்டிப்போய் நல்லதையும் கெட்டதையும் சொல்ல வேண்டும். ரியூப் போடும் திறனை அளப்பதுபோல் இதையும் அளவிடுங்கள்.

அளவீடு பற்றியும் ஒரு சொல். 2017 யூலையில் திறன் அடிப்படையிலான பயிற்சிக்கு நாடளவில் முதலில் மாறிய இரு துறைகளில் மயக்க மருத்துவமும் ஒன்று. நோக்கம் நல்லது. ஆனால் திறனை மதிப்பிடும் படிவங்களுக்கு வாரக் கடைசியில் கையெழுத்துத் தேடி அலைவது கற்றலாகாது. நேரில் பார்த்தவரே, அன்றே எழுத வேண்டும்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை உண்மையை மறைக்க மாட்டோம். ரொறன்ரோவின் இரு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24, 16, 12 மணிநேர முறைகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்கில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. 24 மணிநேரம் நின்ற வைத்தியர்களின் உடல்தான் கூடுதலாக வாடியது. கியூபெக்கில் 2012 முதல் வைத்தியசாலைக்குள் தொடர்ந்து நிற்கும் கடமை 16 மணிநேரத்துக்கு மேற்படக் கூடாது. மணிக்கணக்கை மட்டும் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று நாங்கள் நம்பவில்லை. இரவில் யாரும் குறுக்கிடாத இரண்டு மணிநேரத் தூக்கம், காலையில் நோயாளிகளைக் கையளித்த உடனே விடுதலை, கண் சொருகுபவருக்கு வீடுவரை டாக்ஸி. இவற்றை உடனே செய்யலாம்.

கடைசியாக, வைத்தியரின் பாதுகாப்பு. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று கனடாவில் 44 பேரைக் கொன்றது. ரொறன்ரோவின் தாதியர் இருவரும் வைத்தியர் ஒருவரும் அவர்களில் அடங்குவர். ரியூப் போடும் வேளையில் பாதுகாப்பு உடை அணிந்திருந்தவர்களுக்கும் தொற்றியது. முகக்கவசம் பொருத்தமாக இருக்கிறதா என்ற சோதனையும், உடையைக் கழற்றும் ஒத்திகையும், தொற்று இல்லாத ஆண்டுகளிலும் தவறாமல் நடக்க வேண்டும்.

வரும் யூலை 1ஆம் திகதி புதிய பயிற்சியாண்டு தொடங்குமுன் எழுத்தில் பதில் தாருங்கள். எந்தெந்த வைத்தியசாலையில், வாரத்தில் எத்தனை இரவுகள், அதிதீவிர சிகிச்சை நிபுணர் கட்டடத்துக்குள்ளேயே தங்குகிறார் என்ற விபரத்தை அந்தப் பதிலோடு பகிரங்கமாக வெளியிடுங்கள்.