தேனீ ஃபார்வர்டு செய்வதில்லை

சென்ற ஆண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் சர்க்கரைப் பாகைத் தேன் என்று விற்கிறார்களாம், யாரும் வாங்க வேண்டாமாம். மார்த்தாண்டம் பக்கத்தில் 30 ஆண்டுகளாகத் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவன் நான். கோபம் வந்தது. வந்த வேகத்தில் நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கடை வழியாகப் போனேன். பின்கட்டில் கடைக்காரர் அடைகளை இயந்திரத்தில் வைத்துக் கையால் சுற்றித் தேன் எடுத்துக்கொண்டிருந்தார். ரப்பர் தளிர்விடும் பருவத்துத் தேன். வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை. "அண்ணே, வேற யாரு அனுப்பியிருந்தாலும் சனங்க நம்பியிருக்க மாட்டாங்க. நீங்க அனுப்புனதுனாலதான் நம்புனாங்க" என்றார்.

தேனீயிடம் சுறுசுறுப்பைக் கற்றுக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெட்டியைத் திறந்து பார்ப்பவனுக்குத் தெரியும், எந்த நேரத்திலும் உள்ளே பல தேனீக்கள் சும்மாதான் இருக்கும். அவற்றிடம் கற்க வேண்டியது வேறு.

கூட்டம் பெருத்தால் பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட தேனீக்களோடு வெளியேறி, ஏதாவது ஒரு மரக்கொப்பில் பலாக்காய் அளவுக்குத் தொங்கும். வழக்கமாக நான் உடனே உதறிப் புதுப் பெட்டியில் போட்டுவிடுவேன். கடந்த மார்கழியில் அப்படித் தொங்கிய ஒரு கூட்டத்தை ஒரு மணி நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பரப்பில் நாலைந்து தேனீக்கள் பின்னுடலை ஆட்டியபடி நடந்து, வட்டமடித்துத் திரும்பி, மறுபடி அதே கோட்டில் நடந்தன. இடம் தேடிப் போய்வந்த தேனீக்கள் அவை. எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் பொந்து இருக்கிறது என்பதை அந்த ஆட்டம் சொல்லிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இடிந்து கிடந்த மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஆய்வாளர் இதைத்தான் கவனித்தார். ஆடிய தேனீக்களின் உடம்பில் புகைக்கரியும் செங்கல் தூளும் மாவும் ஒட்டியிருந்தன. புகைபோக்கி, இடிந்த சுவர் என்று ஒவ்வொரு இடமாக நுழைந்து பார்த்துவிட்டு வந்திருக்கின்றன. பிற்பாடு அமெரிக்காவின் தாமஸ் சீலி ஐரோப்பியத் தேனீக்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு தேனீயின் ஆட்டத்தைப் பார்த்த மற்றொன்று, பார்த்த மாத்திரத்தில் தானும் ஆடிவிடாது. பறந்து போய், பொந்துக்குள் நுழைந்து, நடந்து அளந்துவிட்டு வந்து, தனக்குப் பட்ட அளவுக்குத்தான் ஆடும். இடம் நல்லதானால் அதிகச் சுற்று, சுமாரானால் குறைவு.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நல்ல இடமானாலும், ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் ஆட்டத்தில் சுமார் 15 சுற்று குறைந்துகொண்டே வரும், கடைசியில் நின்றுவிடும். தன் கட்சியே வெல்ல வேண்டும் என்று சாகும்வரை ஆடும் தேனீ கிடையாது. புதிதாகப் பார்த்து வந்தவை ஆடினால்தான் அந்த இடத்துக்கு ஆதரவு நிலைக்கும். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 20, 30 தேனீக்கள் கூடிவிட்டால் முடிவு உறுதி. 10,000 தேனீக்களின் உயிர் இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

தேனீயை முனிவராக்கச் சொல்லவில்லை. பஞ்சம் வந்தால் ஆண் தேனீக்களைக் கூட்டைவிட்டுத் துரத்தும் சாதி அது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட நாணயமானது. 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அந்தப் பீதியைக் கைபேசியில் பரப்பியவர்களில் எத்தனை பேர் பிள்ளை பிடிப்பவரைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் தள்ளமுடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது. தேனீக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை.

நான்கு குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். முதல் செய்தி போன வேகத்தில் அது போகவில்லை. இப்போது குழுவில் எது வந்தாலும் "நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று ஒரு வரி கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். இதுவரை ஒருவர்கூட எனக்கு "ஆமாம்" என்று பதில் போட்டதில்லை.