கனடாவிற் குடியேறுவோர் கவனத்திற்கு

கனடாவுக்குக் குடிபெயரும் குடும்பத்தார் சென்றிறங்கியதும் முதற்கண் பெறவேண்டியது, 9 இலக்கங்களாலான சமூகக் காப்புறுதி எண்ணாகும். உத்தியோகம் பார்ப்பதற்கு இஃது இன்றியமையாதது. அரசாங்கம் இதனை இலவசமாகவே வழங்குகின்றது. பெற்றுத் தருவதாகக் கூறிப் பணங் கேட்போரை நம்பற்க. உறவினராயினும் அவ்வெண்ணை இரவல் கொடுத்தலாகாது.

இங்கிருந்து அரைக்கும் யந்திரம், ஸ்திரிக்கைப்பெட்டி முதலியவற்றைச் சுமந்து செல்லுதல் வீண். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், கனடாவிலோ 120.

அங்கு வாகனங்கள் வீதியின் வலப்புறமாகச் செல்லும். ஆதலின், வீதியைக் கடக்குமுன் இடப்பக்கத்தை முதலில் நோக்கச் சிறுவரைப் பழக்குக.

இவை விரைவிற் கைவரும். பிள்ளைகளும் ஆங்கிலத்தை எளிதிற் பற்றிக்கொள்வர். வீட்டில் தனித்திருக்கும் அம்மம்மாவோ பேச்சுத்துணையின்றி வாடுவார். மாலைதோறும் அவருடன் தமிழில் உரையாடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். அவர் தனிமை தீரும். அவர்தம் தாய்மொழியும் நிலைக்கும்.