இ.வி.எஸ். வகுப்பு ஏன் கடற்கரைக்குப் போக வேண்டும்?

கல்லூரியில் இ.வி.எஸ். என்றாலே 'கடைசி நேரத்துல பார்த்துக்கலாம்' ரகப் பேப்பர்தான். ஆனால் அது சும்மா வந்ததல்ல, எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலிருந்து வந்தது. அதையொட்டி யு.ஜி.சி. வகுத்த பாடத்திட்டத்தில் களப்பணிக்கு மட்டும் 25 மதிப்பெண். பல இடங்களில் அது சீனியரின் ரெக்கார்டு நோட்டைக் காப்பியடிப்பதோடு முடிந்துவிடுகிறது.

கல்பாக்கம் பக்கத்துக் கல்லூரிகள் சாக்குச் சொல்ல முடியாது. பாலாற்று முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய், அணுமின் நிலையம், மீனவர் குப்பங்கள் எல்லாம் கிட்டக் கிட்ட. ஜனவரியிலிருந்து பங்குனி வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். புவி வெப்பமாதலை எந்த ஸ்லைடு இப்படிக் காட்டும்? பொரித்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். ரிசார்ட் விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுக்கு வந்துவிடும்.

சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு நடையில் இதைத்தான் கற்றுத்தருகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அவை ஏன் செத்தன, இழுவலைக்கு அதில் என்ன பங்கு என்பதே ஒரு செமஸ்டருக்கான கேள்வி. வனத்துறை அனுமதியோடு ஓர் இரவு போய்வர வேன் வாடகைதான் செலவு.