சித்தூர் மாங்கூழ் ஆலைகள்: தோலும் கொட்டையும் எரிவாயுவாகுமா, மீத்தேன் மாசாகுமா?

சித்தூர்: ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. தமிழக எல்லையோரத்தில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கப்படும் தோத்தாபுரி ரகமே இவற்றின் முதன்மை மூலப்பொருள். சித்தூர், தமிழகத்தின் கிருஷ்ணகிரி ஆகிய இரண்டும் நாட்டின் முக்கிய மாங்கூழ் உற்பத்தி மையங்கள் என்றும், இவற்றில் சுமார் 65 ஆலைகள் உள்ளன என்றும் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா குறிப்பிடுகிறது. இங்கு தயாராகும் கூழ் மேற்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. கூழ் எடுத்தபின் எஞ்சும் தோலும் கொட்டையும் ஆலை வாசலிலேயே தங்கிவிடுகின்றன.

அந்தக் கழிவின் அளவு சிறிதன்று. பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை தோலாகவும் கொட்டையாகவும் நாராகவும் வெளியேறுகிறது. ஈரமும் சர்க்கரையும் மிகுந்த இக்கழிவு ஓரிரு நாள்களிலேயே புளித்து அழுகத் தொடங்கும். குவியலின் உட்பகுதியில் காற்று புகாதபோது அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதன் வீரியம் 80 மடங்கைத் தாண்டும். ஆனால், வளிமண்டலத்தில் அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே என்பதால், இன்று குறைத்தால் பலனும் விரைவில் தெரியும்.

ஒரே தோல் எவ்வளவு மீத்தேனை வெளியிடும் என்பது அது எப்படிக் கிடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் இதற்கான சூத்திரம் உள்ளது. அதன்படி, ஐந்து மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள, பராமரிப்பற்ற குவியலில் கொட்டப்படும் ஒரு டன் உணவுக் கழிவு காலப்போக்கில் சுமார் 20 கிலோ மீத்தேனை வெளியிடும். குவியல் ஐந்து மீட்டரைத் தாண்டினால் அது 40 கிலோவாகும். அதே ஒரு டன்னைக் காற்றோட்டத்துடன் மக்கவைத்து உரமாக்கினால் 4 கிலோ மட்டுமே. மூடிய கலனில் செரிக்கவைத்து வாயுவைப் பிடித்து எரித்தால், கசிவு சுமார் ஒரு கிலோவாகக் குறையும். தோல் ஒன்றுதான், பழமும் ஒன்றுதான். கொட்டும் விதத்தில் மட்டும் நாற்பது மடங்கு வேறுபாடு.

இந்தக் கணக்கைச் சித்தூருக்குப் பொருத்திப் பார்க்க 2025-ஆம் ஆண்டுப் பருவம் ஓர் அளவுகோலைத் தருகிறது. அவ்வாண்டு விளைச்சல் பெருகியது. முந்தைய ஆண்டின் கூழ் ஆலைகளில் விற்பனையாகாமல் தேங்கியிருந்தது. தோத்தாபுரி விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்து வழங்கும் என மாநில அரசு அறிவித்தது. கர்நாடகப் பழம் சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டதும், அதை விலக்கக் கோரி அம்மாநில முதல்வர் சித்தராமையா கடிதம் எழுதினார். ஜூலையில் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ், குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் என்ற விலையில் 1.62 லட்சம் டன் தோத்தாபுரிக்கு விலை வேறுபாட்டுத் தொகை வழங்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

அந்த 1.62 லட்சம் டன்னும் கூழாக்கப்பட்டதாகவும், கழிவு 40 சதவீதம் எனவும் வைத்துக்கொண்டால், எஞ்சுவது சுமார் 64,800 டன். அது முழுவதும் தாழ்வான குவியல்களில் அழுகுமானால் சுமார் 1,300 டன் மீத்தேன் வெளியாகும். இது 36,000 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். நடைமுறையில் தோலின் ஒரு பகுதி மாட்டுத் தீவனமாகவும் தோட்டத்துக்கு எருவாகவும் போகிறது என்பதால், இதனை உச்சவரம்பாகவே கொள்ள வேண்டும்.

இத்தொகையை மிகைப்படுத்தவும் கூடாது. ஐ.பி.சி.சி. 2006 அளவுப்படி இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஒன்று ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேனை வெளியிடுகிறது. அப்படிப் பார்த்தால் மேற்கண்ட கழிவு முழுவதும் ஏறத்தாழ 22,000 மாடுகளுக்கு ஈடு. பால் உற்பத்திக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் அது பெரிய மந்தை அன்று. பால் தொழிலிலும் மீத்தேனின் பெரும்பங்கு மாட்டின் இரைப்பையிலிருந்தே வருகிறது. பால் பண்ணை ஆலைகளின் கழிவுநீர் அதற்கு அடுத்ததுதான். ஐ.நா.வுக்கு இந்தியா 2024 டிசம்பரில் அளித்த நான்காவது ஈராண்டு அறிக்கையின்படி, 2020-இல் நாட்டின் பசுங்குடில் வாயு உமிழ்வில் மீத்தேனின் பங்கு 13.32 சதவீதம். அதில் மாடும் நெல்வயலுமே முதன்மையானவை. எனினும், மாட்டின் செரிமானத்தை மாற்றுவது கடினம். ஆலையின் பின்புறக் குவியலை மாற்றுவது அந்த அளவுக்குக் கடினமன்று.

கழிவுநீரின் நிலையும் இதுவே. பழம் கழுவும் நீர், கலன்களைக் கழுவும் நீர் ஆகியவற்றில் கரிமப் பொருள் மிகுதி. இரண்டு மீட்டருக்கும் ஆழமான காற்றில்லாக் குட்டையில் அதைத் தேக்கினால், ஆழம் குறைந்த குட்டையைவிட நான்கு மடங்கு மீத்தேன் உண்டாகும் என்பது அதே நெறிமுறையின் கணக்கு. முறையாகக் காற்றூட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் அது பூஜ்யத்தை நெருங்கும்; ஆனால் மின்கட்டணம் கூடும்.

அப்படியானால் தடை எங்கே? தொழில்நுட்பத்தில் இல்லை. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மாந்தோலிலிருந்து எரிவாயு எடுப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளது. தோல் மட்டும் கலனில் இடப்பட்டால் அமிலம் மிகுந்து செரிமானம் நின்றுவிடும்; சாணம் போன்றவற்றுடன் கலந்து இட்டால் சீராக இயங்கும். உண்மையான இடையூறு பருவம்தான். எரிவாயு ஆலைக்கு ஆண்டின் 365 நாளும் தீனி வேண்டும். மாங்கூழ் ஆலையோ மூன்று மாதத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. மீதி ஒன்பது மாதம் சும்மா கிடக்கும் கலனுக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தராது.

இவ்விடத்தில்தான் திருப்பதி முக்கியத்துவம் பெறுகிறது. மாங்கூழுக்குப் பருவம் உண்டு. திருமலை அன்னதானக் கூடத்துக்கு விடுமுறை கிடையாது. நாளொன்றுக்குச் சுமார் 40 டன் ஈரக் கழிவிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலையைத் திருமலையில் அமைக்க திருமலை திருப்பதி தேவஸ்தானமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் திட்டமிட்டுள்ளன. திருப்பதி மாநகராட்சியும் தூக்கிவாக்கத்தில் ஈரக் கழிவை எரிவாயுவாக்கும் வசதியை ஏற்படுத்தியுள்ளது. ஆண்டு முழுவதும் சமையற்கூட, சந்தைக் கழிவும் சாணமும், பருவத்தில் மாந்தோலும் என்று ஒரே கலனுக்கு ஊட்டமிட இப்பகுதியில் வாய்ப்பு இருக்கிறது. குறை ஒன்று உண்டு: தோலின் எடையில் முக்கால் பங்கு நீர். சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பதிக்கு அதை ஏற்றிச்செல்வது, பெரும்பாலும் தண்ணீரை லாரியில் கொண்டுசெல்வதற்கு ஒப்பாகும். எனவே, ஆலைகள் செறிந்துள்ள சித்தூரைச் சுற்றியே சிறு கலன்கள் அமைவது சிக்கனம்.

மாநில அரசின் கவனம் வேறு திசையில் இருக்கிறது. 65,000 கோடி ரூபாய் முதலீட்டில் 500 அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகளை அமைக்க ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 2024 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுக்குரிய முக்கிய மூலப்பொருள் தரிசு நிலங்களில் வளர்க்கப்படவுள்ள நேப்பியர் புல். அழுகி மீத்தேன் விடும் பொருள் ஆலை வாசலில் இலவசமாகக் கிடக்கையில், எரிவாயுவுக்கென்று புல் வளர்ப்பது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், புல் ஆண்டு முழுவதும் கிடைக்கும், தோல் கிடைக்காது என்பதே முதலீட்டாளரின் பதில். புல் ஆலைகளிலேயே பருவகாலத் தோலையும் ஏற்க வகைசெய்தால் இரு தரப்புக்கும் நட்டமில்லை. அதற்கான விதி இன்னும் வகுக்கப்பட வேண்டும்.

விவசாயிக்கு இதில் என்ன பங்கு? அறிவிக்கப்பட்ட 8 ரூபாய்கூட ஆலைகளிடமிருந்து முழுமையாகக் கிடைக்கவில்லை என்று 2025-இல் விவசாயிகள் புகார் கூறினர். விலை கிடைக்காத பழம் சாலையோரத்தில் கொட்டப்பட்டது. கூழாகாமலே அழுகிய அந்தப் பழமும் மீத்தேன் கணக்கில் சேரும். கூழின் விலையை வைத்து மட்டுமே பழத்துக்கு விலை பேசும் ஆலை, தோலும் வருவாய் தரத் தொடங்கினால் கிலோவுக்குச் சில காசுகளேனும் கூட்டித்தர இடமுண்டு. கிருஷ்ணகிரி விவசாயிகளும் அதே பருவத்தில் அதே ரகத்துக்கு அதே விலைச் சரிவைச் சந்தித்தவர்கள் என்பதால், எல்லைக்கு இப்பாலும் இந்தப் பேரத்தை உற்றுநோக்கக் காரணம் இருக்கிறது.